பேஸ் கிற்றார்: கேட்டதும் சொன்னதும்

பேஸ் கிற்றாரின் நெக், ஸ்ட்ரிங், அம்ப், மேடை வயரிங், பாவித்ததைப் பார்த்து வாங்குவது பற்றியெல்லாம் கேளுங்கள். விலை மட்டும் கேட்க வேண்டாம், அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கல்லடி: அண்ணன், மாரி முழுக்க நல்லா இருந்த பேஸ், கச்சான் காத்து தொடங்கினதில இருந்து ஈ ஸ்ட்ரிங்ல கிர்ர் எண்டு அடிக்குது. ஃபிரெட் தேஞ்சிட்டுதா?

பெரும்பாலும் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லை, கழுத்தான நெக் அசைந்திருக்கும். மாரியில் மரம் ஈரத்தைக் குடிக்கும். கச்சான் என்ற வறண்ட காற்று அந்த ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். பல நெக்குகள் அப்போது நேராகிவிடும், சில எதிர்ப்பக்கம் போகும். அதனால் ஊகித்துத் திருகாமல் முதலில் அளந்து பாருங்கள்.

கிர் சத்தம் எங்கே வருகிறது என்பதே பாதி விடை. 1ஆம் ஃபிரெட்டிலிருந்து 5ஆம் ஃபிரெட் வரை வந்தால் நெக் நேராகிவிட்டது. 12க்கு மேலே மட்டும் வந்தால் சாடில் (உடம்புப் பக்கத்துப் பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு) பதிந்திருக்கிறது, அல்லது நெக் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃபிரெட் ஒன்று எழும்பியிருக்கிறது. அதை ட்ரஸ் ரொட் (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைத் திருத்தும் கம்பி) திருத்தாது.

அளக்கும் முறை: சரியாக டியூன் பண்ணுங்கள். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை இடது கையால் 1ஆம் ஃபிரெட்டிலும், வலது கையால் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங் ஒரு நேர்கோல். 7ஆம், 8ஆம் ஃபிரெட் பக்கம் அதன் அடியில் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கராஜில் டாப்பெட் அளக்கிற ஃபீலர் கேஜ் இதற்கு அருமையான கருவி. கிடைக்காவிட்டால் ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாக நுழைந்தால் சரி.

இடைவெளியே இல்லாவிட்டால் ட்ரஸ் ரொட்டை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குங்கள். திரும்ப டியூன் பண்ணி, ஒரு மணித்தியாலம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அளவு பொருந்தாத அலன் கீ போட்டால் ட்ரஸ் ரொட் நட்டின் உள்பக்கம் உருண்டுவிடும், பிறகு அந்த நெக்கைத் திருத்துவது பெரிய வேலை. நட் அசையவே மறுத்தால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

நெக் முடிந்த பிறகுதான் ஸ்ட்ரிங்கின் உயரம். 17ஆம் ஃபிரெட்டுக்கு மேலே ஈ ஸ்ட்ரிங் 2.4, மிக மெல்லிய ஜி ஸ்ட்ரிங் 2 மில்லிமீற்றர். அதன் பிறகே இன்டனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது: 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் தொட்டு எழுப்பும் சுரம்), அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சாடிலைப் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு. இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்ய வேண்டி வரும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்று சாடிலின் சின்னத் திருகாணிகளைத்தான் முதலில் தின்னும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஊசி முனையால் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

காத்தான்குடி: நானா, முதன்முதலா வாங்கப் போறன். எது நல்லம்?

34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), 4 ஸ்ட்ரிங், பற்றரி தேவைப்படாத பேசிவ் வகை, நடுவில் இரண்டாகப் பிளந்த பிக்அப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) ஒன்று. 1957இல் ஃபென்டர் கம்பனியின் பிரிசிஷன் பேஸுக்கு வந்த அந்தப் பிக்அப் இன்றும் எந்தக் கூட்டிசையிலும் தனித்துக் கேட்கும், இரைச்சலும் போடாது. கை சின்னதென்றால் நெக் ஒடுங்கிய ஜாஸ் பேஸ் வடிவம் பாருங்கள், தம்பி. தலைப் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் நட்டில் (இது திருகும் நட் இல்லை) அகலம் 38 மில்லிமீற்றர்தான். பெயரைப் பார்த்து வாங்குவதைவிட நெக்கைப் பார்த்து வாங்குங்கள்.

செங்கலடி: பாவிச்ச பேஸ் ஒண்டு பார்க்கப் போறம். என்னத்தைப் பார்க்கிற?

அலன் கீ செட், டியூனர், மல்டிமீற்றர், உங்கள் சொந்தக் கேபிள். இவை இல்லாமல் போக வேண்டாம்.

தச்சர் பலகையைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி, உடம்புப் பக்கமிருந்து நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். மெல்லிய வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. நட்டின் கோடும் கடைசி ஃபிரெட்டின் கோடும் சமாந்தரமாக இல்லாவிட்டால் நெக் முறுக்கியிருக்கிறது. பேஸை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ட்ரஸ் ரொட் முறுக்கை எடுக்காது.

அடுத்தது ட்ரஸ் ரொட். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கால் சுற்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே முழுக்க இறுக்கப்பட்டு, அப்படியும் நெக் வளைந்திருந்தால் அந்த நெக்கின் ஆயுள் முடிந்தது. சாடில்கள் எல்லாம் அடிமட்டத்தில் இருந்தும் ஸ்ட்ரிங் உயரமாக நின்றால் நெக்கின் கோணம் பிழை. நான்கு திருகாணி போட்ட நெக் என்றால் மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். நட்டுக்குப் பின்னால் தலை தொடங்குமிடத்தில் நகத்தால் தடவி வெடிப்புத் தேடுங்கள்.

ஜி ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு ஃபிரெட்டையும் வாசித்து, சுரம் தானாக அடங்கும்வரை விடுங்கள். 5க்கும் 7க்கும் இடையில் ஒரு சுரம் மட்டும் கெதியாகச் செத்துப்போவது திருகாணி போட்ட நெக்குகளில் சாதாரணம். மூன்று, நான்கு இடத்தில் அப்படி என்றால் யோசியுங்கள்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட் கரகரத்தால் பயப்பட வேண்டாம், கொன்டாக்ட் கிளீனர் போதும். பேசிவ் பேஸில் கேபிளைச் செருகி, ஒலியை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். ஒரு பிக்அப்பை மட்டும் திறந்தால் 5 முதல் 12 கிலோ ஓம் வரை காட்டும். அதற்கு மேலே நூற்றுக்கணக்கில் காட்டினால் பிக்அப்பின் சுருள் அறுந்திருக்கிறது.

ஆரையம்பதி: 4 ஸ்ட்ரிங்கா 5 ஸ்ட்ரிங்கா?

பாடகர் டி அல்லது சி சுருதியில் பாடும் பாட்டுகள் நிறைய வாசிப்பவருக்கு 5 உதவும். மற்றவர்களுக்கு 4. 5 ஸ்ட்ரிங்கில் கூடுதலாக வரும் பி ஸ்ட்ரிங்கின், திறந்து வாசிக்கும்போதுள்ள அடிப்படை அதிர்வு 31 ஹேர்ட்ஸ். எங்கள் கோயில் மேடைகளில் கட்டுகிற ஸ்பீக்கர் பெட்டிகளில் பல அதைத் தருவதில்லை, மேல்சுரங்கள்தான் கேட்கும்.

கல்முனை: நானா, தொடங்குகிறவருக்கு எந்த பேஸ் நல்லம்?

காத்தான்குடித் தம்பிக்குச் சொன்னதுதான்.

களுவாஞ்சிக்குடி: திருவிழா மேடையில மைக்கில சொண்டு பட்டா ஷொக் அடிக்குது. பேஸைக் கையில பிடிச்சிருக்கேக்க மட்டும்தான். செருப்புப் போட்டா சரியா?

செருப்பை நம்பி வாசிக்க வேண்டாம். இது ஆளைக் கொல்லக்கூடிய பழுது.

உங்கள் ஸ்ட்ரிங்குகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் உறை வழியாக, அம்பின் உலோகப் பெட்டியோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. மைக்கின் உலோகம் மிக்ஸரின் பெட்டியோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டியும் ஒரே எர்த்தில் இருந்தால் உங்கள் கைக்கும் வாய்க்கும் இடையில் வோல்ட் வித்தியாசம் இருக்காது. அம்பின் மூன்றாவது பின்னை யாராவது வெட்டியிருந்தாலோ, அம்ப் கோயில் கரண்டிலும் மிக்ஸர் ஜெனரேட்டரிலும் ஓடினாலோ அந்த வித்தியாசம் உங்கள் உடம்பு வழியாகத்தான் ஓடும். மழை நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் மோசம்.

வாசிக்க முன்னர் மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைக் கழற்றிவிட்டு வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். மேடை முழுவதும் ஒரே விநியோகப் பலகையிலிருந்து வர வேண்டும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்க வேண்டும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். ஆனால் ஜெனரேட்டரில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்காமல் விட்டால் அந்த ட்ரிப் வேலை செய்யாமல் போகலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இரண்டு பின் அடப்டர்களை மேடையிலிருந்து எடுத்தெறியுங்கள்.

வாழைச்சேனை: எங்கட இசைக்குழுவில கீபோர்ட்காரர் இடது கையால பேஸும் வாசிப்பார். பேஸ் கிற்றார் தேவையில்ல எண்டு சொல்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பதுதான் கூடாத நிலை. நீங்கள் 41.2 ஹேர்ட்ஸ் ஈ வாசிக்க, அவருடையது 41.7இல் நின்றால், இரண்டு செக்கனுக்கு ஒரு தரம் ஒலி எழும்பி விழும். சபைக்கு அது சேறு மாதிரிக் கேட்கும். யாராவது ஒருவர் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர்.

அக்கரைப்பற்று: நான் கீபோர்ட்தான் வாசிக்கிறன், நானா. ஸ்டைலுக்குள்ளேயே பேஸ் இரிக்கி, சுருதியும் பிழைக்காது, நேரமும் பிழைக்காது. ஒரு ஆளுக்குரிய காசும் மிச்சம். ஏன் நாங்க விட்டுக்குடுக்கோணும்?

சுருதி பிழைக்காது, நேரம் பிழைக்காது, ஒப்புக்கொள்கிறேன். மூன்று பேர் மட்டும் சேர்ந்து மண்டபத்தில் வாசிக்கும் வரவேற்புக்கு உங்கள் இடது கை தாராளமாகப் போதும். ஆனால் ஸ்டைலில் (கீபோர்ட் தானாக வாசிக்கும் பின்னணியில்) உள்ள பேஸ் பெரும்பாலும் கோர்டின் வேர்ச்சுரத்தையும் ஐந்தாவது சுரத்தையும்தான் சுற்றும். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைத் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். அது பாடகரின் மெட்டுக்கு எதிராக நடக்கிற இன்னொரு மெட்டு. எந்த ஸ்டைலும் அதைத் தானாகப் போடாது.

அக்கரைப்பற்று: அதை நான் இடது கையால எழுதின மாதிரியே வாசிப்பன்.

சுரங்களை வாசிப்பீர்கள். சுரம் எங்கே முடிகிறது என்பதை என்ன செய்வீர்கள்? பேஸில் பாதி வேலை, ஒலித்த ஸ்ட்ரிங்கை எப்போது அடக்குவது என்பது. காலால் அடிக்கும் ட்ரம் விழுந்ததும் அடக்கினால் தாளம் துள்ளும், அடுத்த அடி வரை இழுத்தால் மிதக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு விரலை இழுத்துப் போவதும், சத்தமில்லாமல் தட்டும் அடியும் ஸ்ட்ரிங்கில்தான் இயல்பாக வரும்.

திருக்கோவில்: ரெண்டு பேரும் சரி. எங்கட குழுவில ரெண்டும் இரிக்கி. என்ன செய்யிற எண்டு சொல்லுங்க.

ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் நிறுத்தும் வசதி பல அரேஞ்சர் கீபோர்ட்டுகளில் இருக்கிறது, முதலில் அதை நிறுத்துங்கள். இடது கை நடு சிக்கு ஓர் எட்டுச்சுரம் கீழேயுள்ள சியைத் தாண்டி இறங்க வேண்டாம். மிக்ஸரில் கீபோர்ட் சனலில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால் அமத்துங்கள். அக்கரைப்பற்றுத் தம்பி, ஒரு ஒத்திகையில் இப்படிச் செய்து சபைப் பக்கம் நின்று கேட்டுப்பாருங்கள். உங்கள் வலது கை முன்னையைவிடத் தெளிவாகக் கேட்கும்.

புளியந்தீவு: தம்பி, கோயில் பாடகர் குழுவில மகள் பேஸ் வாசிக்கிறா. 15 வாற்ஸ் லீட் கிற்றார் அம்ப்தான் இருக்கு. போடலாமா?

மெல்லிய சத்தத்தில் பழகப் போடலாம், அக்கா. கூட்டினால் கூடாது. பேஸின் தாழ்ந்த சுரத்துக்குக் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதற்குச் செய்யப்படவில்லை. சத்தம் வெடித்துக் கேட்டால் உடனே குறையுங்கள். பூசைக்கு ஒரு டி.ஐ பெட்டி (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கி நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள். பேசிவ் பேஸை மிக்ஸரின் லைன் துளையில் நேரே செருகினால் ஒலி மங்கிப்போகும், அந்தத் துளையின் தடை பேஸுக்குப் போதாது.

ஏறாவூர்: ஸ்ட்ரிங்கை அவிச்சா புதுசாகுமா?

சில நாளைக்கு. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங்குகளின் சுற்றுக்குள் வியர்வையும் தோலும் அடைந்துதான் ஒலி சாகிறது. கொதிநீரில் 10 நிமிடம் போட்டு, துணியால் ஒற்றி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே கறள் பிடிக்கும். இரண்டு, மூன்று தரத்துக்கு மேல் கழற்றி மாட்டினால் தலையிலுள்ள டியூனிங் திருகில் மடியும் இடத்தில் அறும். தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வூண்ட் என்றால் தேவையில்லை. அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜமர்சன் ஃபிளாட்வூண்டை அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர், அந்த மங்கலான ஒலிதான் அவருடைய அடையாளம்.

அம்பாறை: அக்டிவ் பேஸில 9 வோல்ட் பற்றரி கிழமைக்கொண்டு முடியுது.

வாசித்து முடிந்ததும் கேபிளைப் பேஸிலிருந்து கழற்றுங்கள். அந்த ஜாக்தான் பற்றரியின் சுவிட்ச்.

பொத்துவில்: முதல் பேஸ் எது வாங்கலாம்?

மூன்றாவது தரம் வருகிறது. மேலே விரிவாக இருக்கிறது, அதை வாசித்துவிட்டு அதில் விளங்காததைக் கேளுங்கள்.

மட்டக்களப்பு நகர்: பறங்கியர் கல்யாண வீட்டில கபரிஞ்ஞாவும் பைலாவும் வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. பேஸ் எப்படிப் போறது?

இரண்டும் ஆட்டப் பாட்டுகள், ஆறு எண்ணுங்கள். 1இல் வேர்ச்சுரம், 4இல் ஐந்தாவது, 6இல் அடுத்த கோர்டுக்குத் தாவும் ஒரு குறுஞ்சுரம். 1ஐயும் 4ஐயும் நீட்டாமல் வெட்டி வாசியுங்கள், ஆடுகிறவர்களின் கால் அந்த வெட்டைத்தான் பிடிக்கும். வேகம் கூடக்கூட 6ஐ விட்டுவிடலாம், 1 மட்டும் பிந்தக் கூடாது. வயலினும் ரபானும் இருந்தால் ட்ரெபிளைக் குறைத்து, நெக் பக்கமாக நகர்ந்து விரலால் வாசியுங்கள், பிக் வேண்டாம்.

சம்மாந்துறை: லீட் கிற்றார் பழக நல்ல அப் எது?

அது என் துறை இல்லை. லீட் வாசிக்கிறவரிடம் கேளுங்கள்.

வந்தாறுமூலை: ஜாஸ் பேஸ்ல ம்ம்ம் எண்டு இரைச்சல். பிளக்கின்ட எர்த் பின்னைக் கழட்டினாப் போயிரும் எண்டு கடையில சொன்னாங்க.

கழற்ற வேண்டாம். களுவாஞ்சிக்குடிக்கு எழுதியதை முழுக்க வாசியுங்கள், அந்த ஷொக் இப்படித்தான் தொடங்கும். இரைச்சலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டு பிக்அப் ஒலியையும் சமமாக முழுக்கத் திறந்து பாருங்கள். இரைச்சல் அடங்கினால் பேஸில் பழுது இல்லை, ஒற்றைச் சுருள் பிக்அப்பின் இயல்பு அது. ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி நின்றும் பாருங்கள்.

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் வயர் சரியாக இருக்கிறது. தொட்டும் மாறாவிட்டால் பிரிட்ஜைக் கழற்றி, அடியில் வரும் வெறும் வயர் உலோகத்தில் பட்டு நிற்கிறதா என்று பாருங்கள். உப்புக் கறள் பிடித்திருந்தால் அரத்தாளால் சுரண்டி, வயரின் நுனியை விரித்து வைத்து, பிரிட்ஜை இறுக்குங்கள். மிக்ஸரோடு தொடுக்கும்போது மட்டும் இரைந்தால் டி.ஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னலின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. அதை அமத்துங்கள், பிளக்கில் கை வைக்க வேண்டாம்.