52 டெராபைட் எப்படி 100 டெராபைட்டை நிரப்பியது?

கேள்வி: எங்கள் அலுவலக பேக்கப் எல்லாம் வீம் 11 என்ற பேக்கப் மென்பொருளில், லினக்ஸ் சர்வரில், எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு ஃபைல் சிஸ்டம்) வால்யூமில் இருக்கிறது. ஸ்டோரேஜுக்கு வாரண்டி முடியப் போகிறது. டிஎஃப் (இடம் காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தால் 52 டெராபைட்தான் காட்டியது, அதனால் 100 டெராபைட்டுக்குப் புது ஸ்டோரேஜ் வாங்கி, கோப்புகளை நகலெடுக்க ஆர்சிங்க் ஓட விட்டோம். மூன்றாம் நாள் புதியது நிரம்பி வழிகிறது, இன்னும் பாதிக் கோப்புகள் பாக்கி. எங்கே தப்பு?

பதில்: அதே வால்யூமில் டியு அடித்துப் பாருங்கள். 190 டெராபைட் பக்கம் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். டிஎஃப் சொல்வது டிஸ்க்கில் உண்மையில் பிடித்திருக்கும் இடம்; டியு சொல்வது ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக இருந்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் ரீஃப்லிங்க், அதாவது ஒரே பிளாக்கை (டிஸ்க்கில் உள்ள தரவுத் துண்டு) பல கோப்புகள் பகிர்ந்துகொள்வது. வாராவாரம் வீம் ஒரு சிந்தெடிக் ஃபுல் (ஏற்கனவே உள்ள பேக்கப்புகளிலிருந்தே கோத்த முழு பேக்கப்) உருவாக்குகிறதே, 6 டெராபைட் என்று கோப்பின் அளவு காட்டும், ஆனால் அதில் பெரும்பகுதி போன வாரக் கோப்பின் பிளாக்குகளையே சுட்டிக்காட்டும் குறிப்புகள், புதிதாக எழுதப்படுவது கொஞ்சம்தான். அப்படி 30 ஃபுல் இருந்தால் காகிதத்தில் 180 டெராபைட் ஆகிவிடும். ஆர்சிங்க் ஹார்ட் லிங்க்கை (ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்) வேண்டுமானால் அடையாளம் கண்டு காப்பாற்றும், ரீஃப்லிங்க் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கோப்பையும் முழுசாகப் படித்து முழுசாக எழுதிக்கொண்டே போகும். நிறுத்திவிடுங்கள், இன்னும் பெரிய டிஸ்க் வாங்கித் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை இது.

இதே அடியை நானும் பட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் விண்டோஸ் சர்வர், இதேபோல் பிளாக்குகளைப் பகிரும் ரீஎஃப்எஸ் வால்யூம், ஆர்சிங்க் போன்ற ரோபோகாப்பி. இரவு ஆரம்பித்தது காலையில் இடமில்லாமல் நின்றிருந்தது, அன்று இரவு பேக்கப் வேலைகளும் ஓடவில்லை. ஒரு நாள் பேக்கப் இல்லாமல் இருந்த அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பகிர்வு எந்த அடுக்கில் இருக்கிறதோ, அந்த அடுக்கையோ அதற்குக் கீழே உள்ளதையோதான் நகர்த்த வேண்டும். உங்களுக்குப் பகிர்வு ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்கிறது, ஆகவே கோப்புகளை விட்டுவிட்டு வால்யூமை அப்படியே பிளாக் பிளாக்காக எடுங்கள். எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்குகளைச் சேர்த்து வால்யூமாகப் பிரிக்கும் அடுக்கு) மேல் இருந்தால் பிவிமூவ் இருக்கிறது: புது லன்னை (ஸ்டோரேஜ் சர்வருக்குக் காட்டும் டிஸ்க்) வால்யூம் குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் கொடுத்தால், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் நகர்த்திவிடும், நடுவில் சர்வர் விழுந்தாலும் மறுபடி தொடரும். ஆனால் ஓடும்போது தரவு பாதி அங்கே பாதி இங்கே இருக்கலாம், எந்த ஸ்டோரேஜ் போனாலும் வால்யூம் போச்சு. முடிந்தபிறகு பழையதை மவுன்ட் செய்து திரும்பிப் போகவும் முடியாது.

வார இறுதியில் நிறுத்த முடியும் என்றால் நான் வால்யூமை அப்படியே நகலெடுக்கும் டிடி-யைத்தான் தேர்ந்தெடுப்பேன். பேக்கப் வேலைகளை முடக்கி, வால்யூமை அன்மவுன்ட் செய்து, புதிய ஸ்டோரேஜில் அதே அளவோ கூடுதலோ உள்ள லாஜிக்கல் வால்யூம் போட்டு நேராக நகலெடுங்கள். காலி இடமும் சேர்ந்தே நகலாகும் என்பதால் 52 என்று கணக்குப் போடாதீர்கள், வால்யூம் 70 டெராபைட் என்றால் 70-ம் போகும். நொடிக்கு 700 மெகாபைட் கிடைத்தால் 28 மணி நேரம். பழையது கைபடாமல் இருக்கும், அதுதான் பெரிய நிம்மதி. இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) என்பதால் பழையது மவுன்ட் ஆகியிருக்கும்போது எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை மவுன்ட் செய்யாது, பழைய லன்னைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே பாதையில் மவுன்ட் செய்யுங்கள், வீம் பக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மவுன்ட் செய்யும் முன் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை எதையும் திருத்தாத முறையில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் குரோஎஃப்எஸ் கொடுத்து 100-க்கு விரித்துக்கொள்ளலாம். விரித்தால் திரும்பச் சுருக்க முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2023-இல் வந்த வீம் 12-இல் பேக்கப்பை நகர்த்தும் வசதி உண்டு, அது பகிர்வைக் காப்பாற்றிக்கொண்டே எடுத்துப் போகும். அப்கிரேட் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு இதை யோசிக்கலாம்.

'புது ஸ்டோரேஜிலேயே டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைக்கும் வசதி) இருக்கிறதே, ஆர்சிங்க் போட்டால் என்ன?' என்று யாராவது சொல்வார்கள். அப்போதும் 190-ஐயும் படித்து அனுப்பியாக வேண்டும், லன்னையும் அந்த அளவுக்குக் காட்டியாக வேண்டும்.

கேள்வி: எங்களிடம் போர்க் என்ற பேக்கப் மென்பொருளின் ரெபாசிட்டரி (சேமிப்பிடம்), 9 டெராபைட். இதற்கும் இதே சிக்கலா?

பதில்: இல்லை. போர்க் துண்டுகளை ஒருமுறைதான் தன் கோப்புகளுக்குள் எழுதி வைக்கிறது, ஃபைல் சிஸ்டத்தை நம்பி இல்லை. 9 என்றால் 9-தான் போகும், தாராளமாக ஆர்சிங்க் போடுங்கள், அந்த நேரம் பேக்கப் ஓடாமல் இருந்தால் போதும். புது இடத்தில் முதல் முறை திறக்கும்போது 'இது முன்பு வேறு இடத்தில் இருந்தது' என்று கேட்கும், சரி என்று சொல்லலாம். கீஃபைல் முறையில் குறியாக்கம் செய்திருந்தால் சாவி ரெபாசிட்டரியில் இருக்காது, பேக்கப் எடுக்கும் கணினியின் ஹோம் கோப்புறையில் இருக்கும். அதைத் தொலைத்தால் 9 டெராபைட்டும் குப்பை. இன்னொன்று, மாற்றிய பிறகு பழைய பிரதியில் எழுதவே எழுதாதீர்கள், இரண்டிலும் மாறி மாறி எழுதுவது குறியாக்கப் பாதுகாப்பையே கெடுக்கும்.

கேள்வி: பழைய ஸ்டோரேஜை எப்போது திருப்பிக் கொடுக்கலாம்?

பதில்: புதியதிலிருந்து ஒரு பெரிய விர்ச்சுவல் மெஷினையும், ஒரு டேட்டாபேஸையும், இருப்பதிலேயே பழைய தேதியிலிருந்து ஒன்றையும் மீட்டெடுத்து, அந்தந்தத் துறை ஆட்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நகலெடுத்தபின் ஒரு வாரத்துப் பேக்கப் ஓடி, அதில் ஒரு சிந்தெடிக் ஃபுல்லும் வர வேண்டும். அது நிமிடங்களில் முடிந்து டிஎஃப் எண் கொஞ்சமாகவே ஏறினால் பகிர்வு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு டிஸ்க்குகளை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.