பேஷன்ட் தேறிவிட்டார், அப்புறமும் ரிப்போர்ட் எழுத வேண்டுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கிரீன் கார்டோடு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று நாள் முன்பு காலை ஷிப்டுக்குப் போனபோது ஒரு பேஷன்ட் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தார். சுகர் படுபாதாளத்தில் இருந்தது. நைட் ஷிப்டில் இருந்த என் தோழி 4 யூனிட் இன்சுலினுக்குப் பதில் 40 யூனிட் போட்டிருந்தாள். டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றி, ஒரு ராத்திரி ஐ.சி.யு.வில் வைத்தார்கள், தேறிவிட்டார். மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்? இது வெறும் இன்சிடென்ட். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நியூ ஜெர்சியில் நர்ஸாக இருக்கும் அக்காவும் "உனக்கு எதற்கு வம்பு" என்கிறாள். நான் எழுதிக் கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்து வருமா? தோழியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

பதில்: உங்கள் மேனேஜர் சொன்ன "இன்சிடென்ட்" என்ற வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். அது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. பென்சில்வேனியாவில் பேஷன்ட் பாதுகாப்புக்கான விதிகள் உள்ள 2002ஆம் ஆண்டு எம்கேர் சட்டத்தில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. பேஷன்ட்டுக்குத் தீங்கு வந்திருக்கக்கூடும், ஆனால் எதிர்பாராத காயமும் ஏற்படவில்லை, கூடுதல் சிகிச்சையும் தேவைப்படவில்லை என்றால் அது இன்சிடென்ட். மரணம் நேர்ந்தாலோ, பாதுகாப்பு குலைந்து எதிர்பாராத பாதிப்பு உண்டாகி அதற்காகக் கூடுதல் சிகிச்சை தர வேண்டியிருந்தாலோ அது "சீரியஸ் ஈவென்ட்". ஆள் கடைசியில் தேறினாரா என்பதை இந்தச் சட்டம் கேட்கவே இல்லை. நினைவு தப்பியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள் என்றால், என் பார்வையில் இதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை. இது சீரியஸ் ஈவென்ட்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இன்சிடென்ட் என்றால் அந்தத் தகவல் மாநிலத்தின் பேஷன்ட் சேஃப்டி ஆணையத்துக்கு மட்டும் போகும். சீரியஸ் ஈவென்ட் என்றால், அது நடந்தது உறுதியானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆணையத்தோடு சுகாதாரத் துறைக்கும் போயாக வேண்டும். அதோடு 7 நாளுக்குள் பேஷன்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அறிவிக்காத மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம் விதிக்கலாம். உங்கள் மேனேஜருக்குச் சின்ன வார்த்தை ஏன் பிடித்திருக்கிறது என்று இப்போது புரியும். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை; சட்டம் சரியாகத் தெரியாமலும் இருக்கலாம்.

இனி உங்கள் பங்கு. சீரியஸ் ஈவென்டோ இன்சிடென்டோ, நடந்ததாக நியாயமாக நம்பும் பணியாளர், மருத்துவமனையின் பேஷன்ட் சேஃப்டி திட்டத்தில் சொன்ன முறைப்படி 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அந்த முறை என்ன என்பதுதான் கேள்வி. பெரும்பாலான இடங்களில் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதைத்தான் முறை என்று வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் வாய்வார்த்தை போதாது. கெடு தாண்டிவிட்டது, பரவாயில்லை, இன்றைக்கே பதிவு செய்யுங்கள். முன்பே பதிவு செய்த மாதிரி பழைய தேதியை மட்டும் போட்டுவிடாதீர்கள். மேனேஜரிடம் எந்த நாள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நீங்கள் பயப்படும் திசை தவறு. தெரிவித்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தவறை வெளியே சொல்பவர்களைக் காக்கும் மாநில விசில்ப்ளோயர் சட்டத்தின் பாதுகாப்பும் உங்களுக்கு உண்டு. தெரிவிக்காமல் இருந்தால்தான் சிக்கல். சீரியஸ் ஈவென்டின்போது பணியில் இருந்த லைசென்ஸ் உள்ளவர் அதைத் தெரிவிக்கவில்லை என்று பிறகு தெரியவந்தால், மருத்துவமனை அதை லைசென்ஸ் போர்டுக்குச் சொல்ல வேண்டும். அதாவது மேனேஜரின் "நான் பார்த்துக்கொள்கிறேன்" உங்கள் லைசென்ஸைக் காப்பாற்றாது.

பழிவாங்குகிறார்கள் என்று பட்டால் (திடீரென்று ஷிப்ட் மாற்றம், இல்லாத குறைகளோடு ஒரு எச்சரிக்கைக் கடிதம்) காத்திருக்க வேண்டாம். வழக்குப் போட 180 நாள்தான். ஆறு மாதம் ஓடிவிட்டது என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கே கஷ்டமாக இருக்கும். வேலை போவதாலேயே கிரீன் கார்டு போய்விடாது. ஆனால் ஏஜென்சி மூலம் வந்திருந்தால் ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் பணம் கட்டும் ஷரத்து இருக்கலாம். அதை ஒரு வக்கீலிடம் காட்டி வையுங்கள்.

பெயர் சொல்லாமல் ஆணையத்துக்கே நேரடியாக எழுதவும் வழி உண்டு. ஆனால் உள்ளே தெரிவித்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். புகார் வந்திருப்பதை ஆணையம் மருத்துவமனைக்கு அறிவிக்கும். சின்ன வார்டில் யார் எழுதியது என்று ஊகிப்பது கடினமா என்ன? அதனால் மருத்துவமனை அசையவே இல்லை என்றால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

தோழி விஷயம். உங்கள் ரிப்போர்ட்டில் அவளைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தது என்ன, சுகர் எவ்வளவு, என்ன செய்தீர்கள், அவ்வளவு போதும். பேஷன்ட் சேஃப்டிக்காகவே தயாரிக்கும் ஆவணங்களுக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு, பேஷன்ட்டுக்குத் தரும் கடிதமும் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. (பேஷன்ட்டின் சிகிச்சைப் பதிவான சார்ட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது வழக்கில் வரும். அதில் கை வைக்காதீர்கள்; போட்டோ எடுத்து வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள்.) அவளிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளும் தன் பங்குக்குப் பதிவு செய்வதுதான் அவளுக்கு நல்லது. 4 எப்படி 40 ஆயிற்று என்று தேடினால் ஆர்டர் எழுதிய விதத்திலோ, இரண்டாவது ஆள் சரிபார்க்காததிலோ போய் நிற்கவும் கூடும்.

அக்கா சொன்னது பற்றி: நாடு முழுவதற்கும் பொதுவாக இப்படியொரு கட்டாய அறிவிப்புச் சட்டம் இல்லை. 2005ஆம் ஆண்டு மத்திய சட்டம் மருத்துவமனைகள் விரும்பினால் தகவல் தருகிற ஏற்பாடுதான். கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியிலும் 2004 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் எதைத் தெரிவிக்க வேண்டும் என்ற வரையறை அங்கே வேறு. அங்கத்து அனுபவத்தை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள். உங்கள் மருத்துவமனையில் பேஷன்ட் சேஃப்டி அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். மேனேஜரைத் தாண்டி நாளைக் காலை அவரிடம் போங்கள். திட்டத்தின் நகலையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.