பட்டா இருந்தால் ஓடையை மூடலாமா? வடசென்னை வாசகர் கேள்விகள்

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் வருகிறதாம். ஒரு வீடு மட்டும் வைத்திருக்கும் எனக்கு அதில் என்ன இருக்கிறது? (திருவொற்றியூர்)

உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் வீடு வருமா, கிடங்கு வருமா என்பது இருக்கிறது. 2008-இல் வந்த இரண்டாவது திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரை நம்மை ஆளப்போகிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், சர்வே எண்ணோடு. 'எங்கள் ஏரியாவே பாழாகிறது' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும்.

கழிமுகத்தில் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள். கேட்டால் பட்டா நிலம் என்கிறார்கள். (எண்ணூர்)

இருக்கட்டும். நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும், அங்கே என்ன செய்யலாம் என்பதை அல்ல. அலை ஏறி இறங்கும் இடமென்றால், யார் பெயரில் இருந்தாலும், கடலோரத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பொருந்தும். ஆற்றில் இந்த மண்டலம் எதுவரை? வறண்ட கோடையில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் தூரம் வரை. கரையில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அதைக் கணக்கில் வைத்தது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் டேப் பிடித்து அளந்து நிற்பதில்லை.

துறைமுகம் போன்ற வேலைகளுக்கு இந்த மண்டலத்திலும் அனுமதி உண்டு. அதனால் சண்டைக்கு முன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லையென்றால் தேதியோடு படம் எடுத்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டலக் குழுவுக்கு மனு கொடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் போக வேண்டும். நம் ஆட்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

போர் தண்ணீர் உப்பு. இன்னும் ஆழம் போட்டால் நல்ல தண்ணீர் வருமா? (மீஞ்சூர்)

காசை வீணாக்காதீர்கள். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் இங்கிருந்து உறிஞ்சியதில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போனது. கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆழம் கூடினால் இனிப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்தது. உப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது! ஆற்றில் தடுப்பணை கட்டி மழைநீரை இறக்குவதும் உறிஞ்சுவதைக் குறைப்பதும்தான் வழி. பலன் மெதுவாகத்தான் தெரியும்.

கொடுங்கையூர் குப்பைமேடு போன பிறகு பூங்கா வருமா?

குப்பையைப் பிரித்தெடுத்தால் நிலம் மீளும், சரி. முழுமைத் திட்டத்தின் வரைவு வந்ததும், மீண்ட நிலம் எதற்கென்று அதன் வரைபடத்தில் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பூங்காவுக்கான பச்சை இல்லையென்றால் முதல் ஆட்சேபம் உங்களுடையதாக இருக்கட்டும்.