வாசகர் கேள்வி – பதில்: ஷகிரா கற்றுக்கொண்ட ஆங்கிலம்

கேள்வி: கொலம்பியப் பாடகி ஷகிரா ஸ்பானிய மொழியில் புகழ்பெற்ற பிறகே ஆங்கிலத்துக்கு வந்தார் என்று படித்தேன். அவருடைய ஆங்கிலப் பாடல்கள் மொழிபெயர்ப்புகளா, அவரே எழுதியவையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் அவரே எழுதியவை, சிலவற்றைப் பிறருடன் சேர்ந்து எழுதினார். அவருடைய ஆங்கில வருகையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். 1977இல் கொலம்பியாவின் பாரன்கியா நகரில் பிறந்த ஷகிரா, 1998இல் வெளியான ‘திருடர்கள் எங்கே’ என்னும் பொருள்படும் ஸ்பானிய இசைத்தொகுப்பின் மூலம் லத்தீன் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவராக இருந்தார். பாடல் வரிகள் அடங்கிய தம் பெட்டி பொகோட்டா விமான நிலையத்தில் களவுபோனதால் வைத்த தலைப்பு அது என்பதிலிருந்தே, எழுதிய சொல் அவருக்கு எவ்வளவு பெரிய உடைமை என்பது விளங்கும்.

அவரை ஆங்கிலத்தில் பாடும்படி ஊக்கியவர், கியூபாவில் பிறந்து அமெரிக்காவின் மயாமியில் வளர்ந்து, 1980களிலேயே அதே பாதையில் நடந்து காட்டிய பாடகி குளோரியா எஸ்தஃபான். ‘ஓஹோஸ் அஸி’ என்ற ஷகிராவின் பாடலைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து, இது இயலும் என்று அவர் உணர்த்தினார். எஞ்சிய பாடல்களையும் அப்படியே பெயர்த்துத் தரச் சொல்லியிருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். ஆனால் ஷகிரா ஒலி ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் அகராதிகளை வாங்கிவைத்துக்கொண்டு, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனையும் கனடியப் பாடலாசிரியர் லெனார்ட் கோஹனையும் படித்து, ஆங்கிலத்தில் தாமே எழுதத் தொடங்கினார். அவ்வாறு முதலில் எழுதிய பாடல், டேங்கோ என்னும் அர்ஜென்டினா நடன இசையில் தொடங்கும் ‘அப்ஜெக்‌ஷன்’. 2001 நவம்பரில் வெளிவந்த ‘லாண்ட்ரி சர்வீஸ்’ தொகுப்பின் 13 பாடல்களில் நான்கு ஸ்பானிய மொழியிலேயே இருந்தன. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

கேள்வி: அவருடைய ஆங்கில வரிகள் சில விசித்திரமாக ஒலிக்கின்றனவே? மொழி சரியாக வராததாலா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அன்றைய ஆங்கில விமர்சகர்கள் சிலரும் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘வென்எவர், வேர்எவர்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டுக் குழலும் சரங்கோ என்னும் சிறு நரம்பிசைக் கருவியும் ஒலிக்கும் அந்தப் பாடலில், தன் மார்பு சிறியதாக இருப்பது நல்லதாயிற்று, இல்லையேல் நீ மலையென்று மயங்கியிருப்பாய் என்று ஒரு பெண் காதலனிடம் சொல்கிறாள். கொங்கைக்கு மலையை உவமையாகக் கேட்டே பழகிய நமக்கு, அந்த உவமையைப் பெண்ணே மறுத்துச் சிரிக்கும் அழகு உடனே பிடிபடுகிறது. அதன் ஸ்பானிய வடிவமான ‘சுவெர்தே’யிலும் அதே வரி இருக்கிறது. ஆகவே அது பிழையன்று. ஸ்பானிய மொழியில் அவர் கற்பனை செய்யும் முறையே ஆங்கிலத்திலும் தொடர்ந்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியான ஒருவரிடம் கொடுத்துத் திருத்தியிருந்தால் முதலில் காணாமற்போயிருக்கக்கூடிய வரியும் இதுவே.

கேள்வி: ஸ்பானிய மொழிப் பாடகர்களான ரிக்கி மார்ட்டின், என்ரிக்கே இக்லேசியாஸ் ஆகியோரும் இதே போலத்தானே வந்தார்கள்? ஆங்கிலத்துக்குப் போன பின் ஷகிரா ஸ்பானிய மொழியை விட்டுவிட்டாரா?
– வாசகர், மதுரை

பதில்: அவர்கள் 1999இல் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்து வழியைத் திறந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு அவர்களுக்குப் பெரும்புகழ் தந்த ‘லிவிங் லா விடா லோகா’, ‘பைலாமோஸ்’ ஆகிய இரண்டும் பிற பாடலாசிரியர்கள் எழுதியவை. சிறுவயதிலேயே மயாமிக்கு வந்துவிட்ட என்ரிக்கேக்கு ஆங்கிலம் புதிய மொழியும் அன்று.

ஸ்பானிய மொழியை ஷகிரா விடவில்லை. ஆங்கிலத்தில் அத்தனை பெரிய வெற்றி கண்ட பிறகு, 2005இல் அவர் முதலில் வெளியிட்டது ஒரு ஸ்பானியத் தொகுப்பைத்தான்; ஆங்கிலத் தொகுப்பு அதே ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அந்த ஸ்பானியத் தொகுப்பில் ஸ்பெயின் பாடகர் அலெஹாந்த்ரோ சான்ஸுடன் அவர் பாடிய ‘லா தோர்த்துரா’, ஆங்கிலத்தில் பெயர்க்கப்படாமலேயே அமெரிக்கத் தரவரிசையில் 23ஆம் இடம்வரை ஏறியது.