தண்டவாளத்தில் நான்கு பேர் தள்ளிக்கொண்டு போகும் சின்ன வண்டி இந்தக் காலத்திலும் தேவையா? ரயில் வந்தால் என்ன செய்வார்கள்?

கேள்விக்குக் கீழே ‘ஒரு அதிகாரி குடைக்கடியில் உட்கார்ந்திருக்க, நான்கு பேர் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லையே’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடந்து போகும் அந்த ஒரு நொடியில் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவனாகப் பல வருடம் ஓடியவன் நான். அப்புறம் கீமேனாக, அதாவது பாதையை நடந்தே சோதிக்கும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் இதைப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. அதன் பெயர் புஷ் ட்ராலி. என்ஜின் கிடையாது. நான்கு சக்கரம், மேலே ஒரு பலகை, ஒரு பிரேக், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு தண்டவாளமாக இரண்டு பேர் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுவார்கள். மற்ற இரண்டு பேர் தொற்றி உட்கார்ந்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வோம். மேலே உட்கார்ந்திருப்பவர் பி.டபிள்யூ.ஐ., அதாவது பாதையைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டர். குடை அவருக்கு சொகுசு இல்லை. காலை வெயிலில் ஆரம்பித்து உச்சி வெயில் வரை குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

அவர் என்ன பார்க்கிறார்? கிளிப் கழன்றிருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா, ஜாயிண்டில் போல்ட் தளர்ந்திருக்கிறதா, பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கிறதா, எல்லாம் பார்ப்பார். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி இறங்கி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று கேஜ் வைத்து அளப்பார். வளைவில் 20 மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்து, அதன் நடுவில் தண்டவாளம் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பார். பாதையை அளக்கத் தனி ரயில் பெட்டியே இருக்கிறது. தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் சின்னத் தள்ளுவண்டியும் இருக்கிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு பாதையின் கரை ஓரத்தில் மண் அரித்திருப்பதை, மெதுவாகப் போகிற மனிதன் பார்த்தால்தான் உண்டு.

இனி நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது. ரயில் வந்தால் என்ன செய்வோம்? தூக்கி வெளியே வைப்போம். வேறு வழி கிடையாது. பார்வை மறையும் இடங்களில் ப்ளாக், அதாவது அந்த நேரத்தில் அந்த லைனில் ரயில் விடாமல் நிறுத்தி வைக்கும் அனுமதி, வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. மற்றபடி பகலில் நல்ல வெளிச்சத்தில், ரயில் போய் வந்துகொண்டிருக்கும் லைனிலேயே ட்ராலி ஓடும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி, ரயில் நிற்கிறதா என்று கண்டுபிடிக்கும் ட்ராக் சர்க்யூட் பல இடங்களில் உண்டு. ரயில் சக்கரம் ஏறினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். ட்ராலி சக்கரம் அப்படிச் செய்யாது. நாங்கள் போகும் இடமெல்லாம் சிக்னல் சிவப்பானால் ரயில்கள் நின்றுகொண்டே இருக்கும் என்று, மின்சாரம் கடக்காதபடி அதன் சக்கரத்தை இன்சுலேட் செய்திருப்பார்கள். ஆக, லைனில் நாங்கள் இருப்பது சிக்னலுக்குத் தெரியாது. லோகோ பைலட்டுக்குப் பச்சைதான் விழும். எங்களைக் காப்பது எங்கள் கண்ணும் காதும், வண்டியில் நட்ட சிவப்புக் கொடியும், தூக்குவதற்கு வேண்டிய எட்டுக் கைகளும்தான். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 30 மீட்டர் கடக்கும். 600 மீட்டருக்கு அப்பால் அதைப் பார்த்தாலும் 20 நொடிதான் இருக்கிறது. டீசல் என்ஜின் வருவது தூரத்திலேயே கேட்கும். மின்சார என்ஜின் அப்படி இல்லை, வளைவைத் தாண்டி வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் இரட்டை லைனில் இருபுறமும் வெட்டிய பாறை, நடுவில் வளைவு. புதிதாக வந்த இளம் இன்ஸ்பெக்டர் மேலே இருந்தார். எங்களில் மூத்த ட்ராலிமேனை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். அவரும் நானும் தள்ளிக்கொண்டிருந்தோம். எதிரே பக்கத்து லைனில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. மாமா உடனே “ஐயா, இறங்குங்க, வண்டியை எடுக்கணும்” என்றார்.

“அது அந்த லைன்லதானே போகுது, நமக்கு எதுக்கு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“சத்தம் நம்ம காதை அடைச்சிடும் ஐயா. இறங்குங்க” என்று சொல்லிக்கொண்டே மாமா பிரேக்கை அழுத்திவிட்டார். அவர் இறங்கியதும் நான்கு பேரும் தூக்கி ஓரத்தில் வைத்தோம். குடையை மடக்கினேன். கூட்ஸ் பெட்டிகள் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை. எங்கள் முதுகுப் பக்கமிருந்து நாங்கள் ட்ராலியைத் தூக்கி எடுத்த லைனிலேயே ஒரு எக்ஸ்பிரஸ் வந்து போனது. அதன் ஹாரன் அடித்ததா என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் வெகு நேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு, மாமா எடுக்கச் சொன்னால் ஏன் என்று அவர் கேட்டதே கிடையாது.

மாமாவுக்கு இதற்காக ஒரு பாராட்டுக் கடிதமும் வரவில்லை. விபத்து நடக்கவில்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அவர் பெரிய படிப்பு படித்தவரும் இல்லை. ஆனால் எந்த லைனில் ரயில் வந்தாலும் ட்ராலி கீழே இருக்க வேண்டும் என்பதை எங்கள் உடம்பிலேயே பதிய வைத்தவர் அவர்தான்.

இங்கே யாராவது வந்து “விதி எண் சொல்லுங்கள், இப்போது நடைமுறை மாறிவிட்டது” என்று எழுதுவார்கள். மாறியிருக்கலாம், நான் வேலையில் இருந்த காலத்தைத்தான் சொல்கிறேன். ரயில் வருவதை ஒலி எழுப்பிச் சொல்லும் ரக்ஷக் என்ற கருவி வந்திருக்கிறது, கீமேனுக்கு ஜி.பி.எஸ். கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கருவி கொடுத்துவிட்டு ஆளைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியாது. இரண்டு பேர் லீவு, ஒருவரை ஒரு பெரிய அதிகாரியின் வீட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பியாகிவிட்டது, மிச்சம் இருப்பவர்களை வைத்து ஓட்டுங்கள் என்ற பேச்சை நானே காதால் கேட்டிருக்கிறேன். தண்டவாளத்தைப் பார்க்க எடுத்த ஆளுக்கு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எதற்கு?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பயோ டாய்லெட் வருவதற்கு முன்னால் ரயில் கடக்கும்போது நாங்கள் எதில் நனைந்தோம் என்று எழுதவே கூசுகிறது. அது போய்விட்டது. ஆனால் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் ஜன்னல் வழியாக எறிவது போகவில்லை. ஓடும் ரயிலிலிருந்து வரும் பாதி நிரம்பிய பாட்டில் கல் மாதிரி அடிக்கும். என்னோடு வேலை செய்த ஒருவருக்குப் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள். எறிந்தவருக்கு இன்றுவரை அது தெரியாது.

உயிர்ப்பலி எவ்வளவு என்று கேட்டால், ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்குள் சுமார் 1,600 ரயில்வே ஊழியர்கள் வேலையில் இறந்ததாக அதில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் கதௌலியில் உத்கல் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ரயில் வேகமாக வந்துவிட்டது. 2024 நவம்பர் 2 அன்று ஷொரணூரில் பாரதப்புழா ஆற்றுப் பாலத்தின் மேல், நம் தமிழ்நாட்டிலிருந்து போன தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேர் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி இறந்தார்கள். அவர்கள் ட்ராலிமேன்கள் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாலத்தில் ஒதுங்க இடம் எங்கே என்று சொல்லவும், ரயில் வருகிறது என்று கத்தவும் அனுபவம் உள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? இது என் ஆதங்கம். விசாரணையில் யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

சரி, இப்போதுதான் ட்ராக் மெயின்டெய்னராக, அதாவது பாதைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பேர் இல்லாமல் ட்ராலியை லைனில் வைக்கச் சொன்னால், மரியாதையாக முடியாது என்று சொல்லுங்கள். கொடியும், ரயில் ஏறினால் வெடித்து லோகோ பைலட்டை எச்சரிக்கும் டெட்டனேட்டரும் இருக்கின்றனவா என்று கிளம்பும்போதே பாருங்கள். ஏதாவது தடை ஏற்பட்டு ரயிலை நிறுத்த வேண்டி வந்தால், அகலப் பாதையில் தடையிலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். அதை வைக்க ஓட வேண்டியவரும் அந்த நான்கு பேரில் ஒருவர்தான்.