வானத்து ரகசியத்துக்கு ஏன் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள்?

கேள்வி: ஐயா, என் பேரன் ஜோகன்னஸ்பர்க்கில் இயற்பியல் படிக்கிறான். வானத்திலிருந்து வருகிற துகளைப் பிடிக்க விஞ்ஞானிகள் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார்களாம், அதுவும் நம் தென்னாப்பிரிக்காவிலேயே நடந்ததாம். மேலே பார்க்க வேண்டியதற்கு எதற்குக் கீழே போக வேண்டும்?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பேரன் சொன்னது உண்மைதான் அம்மா. உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பிடியுங்கள். கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியுவான் என்ற துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்றில் மோதும்போது பிறக்கிற துகள் அது. அதோடு சேர்ந்து நியூட்ரினோ என்ற இன்னொரு துகளும் பிறக்கிறது, விஞ்ஞானிகள் தேடியது அதைத்தான், ஆனால் அது எதனோடும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும், எப்போதாவது ஒன்று மட்டும் அணுவில் இடித்து அடையாளம் காட்டும். காவடித் திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க முடியுமா? நியூட்ரினோவின் கிசுகிசுப்பு கேட்க வேண்டுமானால் மியுவான் சத்தம் அடங்கப் பாறை வேண்டும், நிறையப் பாறை.

போக்ஸ்பர்க் அருகே ஈஸ்ட் ராண்ட் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, அமெரிக்காவின் ஃபிரெட் ரைன்ஸும் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீடல் செல்ஷோப்பும், துகள் பட்டால் மினுங்கும் திரவத்தைத் தொட்டிகளில் நிரப்பி, சுரங்கப் பாதையின் இரண்டு பக்கமும் வைத்துக் காத்திருந்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் போட்ட கணக்கு. மேலேயிருந்து நேராக இறங்குகிற மியுவானில் ஒன்றிரண்டு அவ்வளவு ஆழத்துக்கும் வந்து சேரும், ஆனால் பக்கவாட்டில் வருவதென்றால் பல மடங்கு பாறையைக் கடக்க வேண்டும், அது நடக்காது. ஆக, படுக்கைவாட்டில் ஒரு மியுவான் இரண்டு பக்கத் தொட்டிகளையும் கடந்து போனால், பக்கத்துப் பாறைக்குள்ளேயே நியூட்ரினோ மோதி அது பிறந்திருக்க வேண்டும். 1965 பிப்ரவரியில் அப்படி ஒன்று சிக்கியது. அதற்கு முன் அணு உலையிலும் துகள் முடுக்கியிலும் மனிதன் உண்டாக்கிய நியூட்ரினோவைத்தான் பார்த்திருந்தார்கள்.

அப்புறம், இதைப் பேரனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே வருஷம் இந்தியாவில் கோலார் தங்கவயலிலும் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள், அவர்களுடைய கட்டுரை ரைன்ஸ் குழுவின் கட்டுரைக்கு இரண்டு வாரம் முன்பே அச்சில் வந்தது. கோலாரை வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். போக்ஸ்பர்க் பாறையில் உடலைத் தேய்த்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் தங்கத்துக்காக வெட்டிய குழி இல்லாவிட்டால் எந்த விஞ்ஞானியும் அவ்வளவு ஆழம் போயிருக்க முடியாது, இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

இன்றைக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்தில், 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானை (குளிரவைத்துத் திரவமாக்கிய ஒரு வாயு) வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்புவிசையால் மட்டும் தன் இருப்பைக் காட்டுகிற கரும்பொருளைத் தேடுகிறார்கள். இன்னும் அகப்படவில்லை. இங்கே கேப்டவுன் போகிறவர்கள் காரில் கடக்கிற ஹியூகனோட் சுரங்கப்பாதையை ஒட்டி, மலைக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டும் திட்டம் இருக்கிறது. அது சீக்கிரம் நிறைவேற வேண்டும் என்பது என் ஆசை, பேரன் மாதிரிப் பிள்ளைகள் வெளிநாடு போய்த்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லையே.

கேள்வி: கரும்பொருளும் கண்ணில் படாது, நியூட்ரினோவும் படாது. இரண்டும் ஒன்றுதானா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நல்ல சந்தேகம், விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். ஆனால் நியூட்ரினோவின் நிறை எலக்ட்ரானில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் அது ஒளிவேகத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, அப்படி ஓடுவதைச் சிறிய குவியலாகச் சேர்த்து வைக்க ஈர்ப்புவிசையால் முடியாது, சேராவிட்டால் இன்று நாம் பார்க்கிற சின்னச் சின்ன விண்மீன் மண்டலங்கள் உருவாகியிருக்காது. மெதுவாக நகர்கிற வேறு ஏதோ ஒன்றுதான் வேண்டும், சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்கு இருக்கிற ஒன்று. செனான் தொட்டி அதற்காகத்தான் காத்திருக்கிறது.