கரை இடிகிறது, எதிர்த் திட்டு வளர்கிறது: மணலை அள்ளலாமா?

கேள்வி: ஆற்று வளைவை ஒட்டி எங்கள் நிலம். மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை இடிகிறது. எதிரே மணல்திட்டு வளர்கிறது. திட்டை அள்ளிவிட்டால் ஆறு நேராகப் போகுமா? இல்லை, கருங்கல் கொட்டவா?

பதில்: மணலை அள்ளும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். வளைவில் திரும்பும் தண்ணீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்கும். அடிமணலை உள்கரைப் பக்கம் ஒதுக்கும். உங்கள் கரை தேய்வதும் எதிரே திட்டு வளர்வதும் ஒரே வேலைதான். அங்கே பள்ளம் எடுத்தால், பள்ளத்தில் விழும் தண்ணீர் படுகையை மேல்நோக்கி அறுத்துக்கொண்டே போகும். படுகை தாழ்ந்தால் உங்கள் கரை இன்னும் உயரமாகி, இன்னும் எளிதாகச் சரியும்.

ஆற்றை நேராக்குவதும் வேண்டாத வேலை. புளோரிடாவின் கிசிமி ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து ஓடியது. 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கிலோமீட்டர் கால்வாயாக்கினார்கள். ஓரத்துச் சதுப்பு நிலங்கள் காய்ந்தன. 1999-இல் கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளுக்குத் தண்ணீரைத் திருப்பத் தொடங்கினார்கள்.

சரி, உங்கள் கரைக்கு வருவோம். தண்ணீர் வற்றியதும் கீழே இறங்கிப் பாருங்கள். அடி குடைந்து, மேல்மண் புல்வேரில் தொங்கினால் அரிப்பு அடியில் நடக்கிறது. வயலுக்குள் சில அடி தள்ளி, கரைக்கு இணையாக நீள வெடிப்பு ஓடினால் கதை வேறு: வெள்ளம் வடியும்போது, ஊறிக் கனத்த மண் தாங்க ஆளில்லாமல் சரிகிறது. அப்படியானால் ஓரத்து வாய்க்காலை உள்ளே தள்ளிப் போடுங்கள். விளிம்பில் தண்ணீர் தேங்கவே கூடாது. இரண்டு கரையும் இடிந்து, பாலத் தூணின் அடித்தளமும் வெளியே தெரிந்தால் படுகையே இறங்குகிறது. அதைத் தனி ஆளாக உங்களால் நிறுத்த முடியாது.

அப்புறம், பழைய செயற்கைக்கோள் படங்களை வைத்து வருடத்துக்கு எத்தனை அடி போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு அடி என்றால் பத்து வருடத்துக்கு இருபது அடி. அந்தப் பட்டையில் தென்னை வேண்டாம், தீவனப்புல் போதும். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் போகும்; கரை அதைவிட உயரமென்றால் வேருக்குக் கீழே குடையும். சரிவைச் சாய்த்துவிட்டு நடுங்கள்.

கிணறோ வீடோ ஆபத்தில் இருந்தால்தான் கல். அதுவும் மேலிருந்து கொட்டக்கூடாது. வெள்ளம் தோண்டும் ஆழத்துக்கும் கீழே அடியைப் பதிக்க வேண்டும். கல்லில் பட்ட வேகம் அடுத்த வயல்காரர் கரைக்குப் போகும். அதனால் அனுமதி கேட்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.